மூன்று மொழிகளில் பொருள் விவரப் புத்தகம், இணையதளம், விலைப்பட்டியல்: விவரங்களை ஒரே இடத்தில் வைத்து நடத்துவது எப்படி?

தேக்கடிச்சாலை (குமுளி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குமுளியில் நறுமணப் பொருள் வணிகம் செய்துவரும் குடும்பத்திற்கு மருமகளாக வந்தவள் நான். கடையின் எழுத்து வேலை முழுவதும் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஏலம், மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், தேயிலை, காப்பித்தூள், உள்ளூரில் கையால் செய்யும் சாக்லேட் ஆகியவற்றை விற்கிறோம். ஒவ்வொன்றும் 50 கிராம், 100 கிராம், 250 கிராம் எனப் பல அளவுகளில் வருவதால் பட்டியல் நீண்டுவிடுகிறது.

வாங்குவோர் மூன்று வகையினர். கம்பம், தேனி, மதுரைக் கடைக்காரர்கள் தமிழில் கேட்கிறார்கள். கட்டப்பனை, கோட்டயம் பக்கத்தவர்களுக்கு மலையாளம் வேண்டும். தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆங்கிலம் வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இவ்வழியே வரத் தொடங்குவதற்கு முன்பாக, ஆண்டுதோறும் பொருள் விவரப் புத்தகம் ஒன்றைச் சிவகாசியில் அச்சிட்டு வாங்குகிறோம். அதைத் தவிர மாத விலைப்பட்டியல், இணையதளம், வாட்ஸ்ஆப் வணிகக் கணக்கின் பொருள் பட்டியல், பாக்கெட் லேபிள் ஆகியவையும் இருக்கின்றன.

இவற்றில் எந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரே ஏலக்காய்ப் பாக்கெட்டுக்குப் புத்தகத்தில் ஒரு தர விவரமும் இணையதளத்தில் வேறொன்றும் இருக்கின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்றவை அப்படியே நின்றுவிடுகின்றன. உத்தமபாளையத்துக் கடைக்காரர் ஒருவர், எப்போதோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பப்பட்ட பழைய பிடிஎஃப் விலைப்பட்டியலைக் காட்டி, அந்த விலைக்கே சரக்குக் கேட்டார். புத்தகத்தின் எழுத்து முழுவதும் அச்சகத்தாரின் கணினியில் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பாக, பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கிறது. அதிலிருந்து நகலெடுத்து இணையதளத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வருகிறது. படங்கள் கொழுந்தனாரின் கைபேசியில் இருக்கின்றன.

அடுத்த புத்தகத்திற்கு முன் இதை ஒழுங்குபடுத்திவிட விரும்புகிறேன். இதற்கென்று விற்கப்படும் மென்பொருளை வாங்க வேண்டுமா, அல்லது கையில் இருப்பதைக் கொண்டே சமாளிக்க முடியுமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பக்கவடிவம் (கம்பம்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கம்பத்தில் டிடிபி வேலை செய்கிறேன். தேனி மாவட்டத்துக்கும் மலைக்கு மேலே இருக்கும் கடைகளுக்குமாக விலைப்பட்டியல், பொருள் விவரப் புத்தகம் முதலியவற்றை வடிவமைத்துத் தருகிறேன். நீங்கள் சொன்னவை எல்லாம் ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவை. உங்கள் கடைச் சரக்கைப் பற்றிய மூல விவரம் இன்று உங்களிடம் இல்லை. அது அச்சகத்தாரின் பக்கக் கோப்புக்குள் இருக்கிறது. பக்கம் போடுவதற்காக உருவான கோப்பிலிருந்து விவரத்தை மீட்டெடுத்து வேறோரிடத்தில் பயன்படுத்த முயலும்வரை இந்தத் தொல்லை தீராது. விவரத்தை முதலில் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு, அங்கிருந்து புத்தகத்துக்கும் இணையதளத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் எடுத்துக்கொள்வதுதான் முறை. உங்கள் அளவு வணிகத்திற்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும்; மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

அட்டவணையில் ஒரு வரி என்பது விற்கக்கூடிய ஒரு பாக்கெட். ஏலக்காய் 50 கிராமுக்கு ஒரு வரி, 100 கிராமுக்கு இன்னொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குள் தரத்தையோ எடையையோ ஆண்டையோ பொதித்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். நாளை தரப் பிரிவு மாறினால் எண் பொய் சொல்லத் தொடங்கும், எண்ணை மாற்றினாலோ அதை நம்பி நிற்கும் படக்கோப்பு, இணையப் பக்கம், லேபிள் எல்லாம் அறுந்துபோகும். 1001, 1002 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவது எவ்வளவோ மேல். நிறுத்திவிட்ட பொருளின் எண்ணை வேறொரு பொருளுக்குத் திரும்பக் கொடுக்கவும் கூடாது.

தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்), பார்கோடு எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகிய நிரல்களை (அட்டவணையின் செங்குத்துப் பத்திகளை) ‘டெக்ஸ்ட்’ வகையாக முதலிலேயே அமைத்துவிடுங்கள். நம் மலைச் சரக்கு பெரும்பாலும் எச்எஸ்என் 9ஆம் அத்தியாயத்தில் வருகிறது: காப்பி 0901, தேயிலை 0902, மிளகு 0904, ஏலமும் ஜாதிக்காயும் 0908, இஞ்சியும் மஞ்சளும் 0910. எல்லாமே சுழியில் தொடங்குவதால், எண் வகையாக விட்டுவைத்தால் அட்டவணை அந்தச் சுழியை விழுங்கிவிட்டு 908 என்று காட்டும். 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு எண்ணை எக்செல் 8.90E+12 என்று சுருக்கிக் காட்டும். அந்தத் தோற்றத்திலேயே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்து) கோப்பாகச் சேமித்துவிட்டால் எஞ்சிய இலக்கங்கள் போனது போனதுதான். உரிம எண்ணின் 14 இலக்கங்களுக்கும் இதே கதிதான்.

அடுத்தது விலை. பெயர், தரம், விளக்கம் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை மாறினாலே பெரிது. விலை அப்படியில்லை. புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் மின்னேலம் நடக்கும் ஒவ்வொரு முறையும் விலை அசைகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே விலையைத் தனித்தாளில் வைத்து, பொருள் எண்ணைக் கொண்டு முதல் அட்டவணையோடு இணையுங்கள். அச்சுப் புத்தகத்தில் விலையே வேண்டாம் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, வரியோடு சேர்த்து விலை அச்சிட்ட புத்தகங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த கடைகளில் ஆட்களை உட்கார வைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். விலையைத் தனித்தாளாக அச்சிட்டுப் புத்தகத்துக்குள் செருகிவிட்டால் அந்தத் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பேஜ்மேக்கர் கோப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழை அதற்குக் கற்பிக்க வழியில்லை. எழுத்தை வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக்க வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவத்தை வைத்திருந்தன. அதனால் தமிழ் வரிக்கு நடுவில் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்த தரக் குறியீடுகளையும் இணைய முகவரியையும் மாற்றி வேறுபாடு அறியாமல் தமிழாக்கிவிடும். ‘ஏஜிஇபி’ என்ற ஏலக்காய்த் தரக் குறியீடு ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் பொருளற்ற நாலைந்து தமிழ் எழுத்துகள் நிற்கும். மாற்றிய பிறகு ஆங்கிலம் இருந்த இடங்களை மட்டும் பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து விடுங்கள். இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன்பின் பக்கம் போடுவது எளிது. பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் ‘டேட்டா மெர்ஜ்’ என்ற வசதி இருக்கிறது. ஒரு பொருளுக்கான கட்டத்தை ஒரு முறை வடிவமைத்துவிட்டால், அட்டவணையின் வரிகளை அது பக்கம் பக்கமாக நிரப்பிவிடும். படத்திற்கான நிரலின் தலைப்பு @ என்ற குறியோடு தொடங்க வேண்டும். எக்செல் அந்தக் குறியைச் சூத்திரம் என்று நினைத்து முரண்டு பிடிக்கும் என்பதால் அதற்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். கோப்பை எக்செல்லில் ‘யூனிகோடு டெக்ஸ்ட்’ வகையாகச் சேமித்தால் தமிழும் மலையாளமும் சிதையாமல் வந்து சேரும். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்; இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு தனக்குரிய இடத்தை விட்டு விலகி நிற்கும். இன்டிசைன் சந்தா கட்டுப்படியாகாது என்றால் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பும் தமிழை ஒழுங்காகவே காட்டுகிறது, வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு.


மேட்டுவாய்க்கால் (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

பக்கவடிவம் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பெயர், எடை, தரம், எண் போன்ற சிறு விவரங்களுக்கு அட்டவணை மிக நன்று. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் விளைநிலம், பயன்படுத்தும் முறை, பாதுகாக்கும் முறை என்று இரண்டு மூன்று பத்திகள் எழுதத் தொடங்கினால், அதுவும் மூன்று மொழிகளில் எழுதினால், அட்டவணைக் கட்டத்துக்குள் அது அடங்காது. கட்டத்துக்குள் நீண்ட பத்தியைத் திணித்தவர்கள் யாரும் அதைத் திரும்பப் படித்துத் திருத்துவதில்லை. அது அப்படியே பிழையோடு அச்சுக்குப் போய்விடும். நீண்ட எழுத்தைப் பொருள் எண்ணையே பெயராகக் கொண்ட தனித்தனிக் கோப்புகளில் வையுங்கள். அட்டவணையில் இரண்டு வரி விளக்கம் மட்டும் இருக்கட்டும். ஏலக்காயைப் பாதுகாக்கும் முறை எல்லா அளவுப் பாக்கெட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அதை ஒரே கோப்பில் எழுதி, எல்லா வரிகளும் அதைச் சுட்டுமாறு செய்யலாம். துண்டு துண்டாக எழுதி வேண்டிய இடங்களில் கோத்துக்கொள்ளும் இந்த முறைக்கு ஓயாசிஸ் அமைப்பு 2005இல் வெளியிட்ட ‘டிட்டா’ என்ற தரநிலையே இருக்கிறது. அது பெருநிறுவனங்களின் கையேடுகளுக்கானது, உங்களுக்குத் தேவையில்லை. அதன் அடிப்படை எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

பொருள் விவர மேலாண்மைக்கென விற்கப்படும் மென்பொருள்களைப் பற்றி: பலர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள், திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது, நாலைந்து விற்பனைத் தளங்களுக்கு வெவ்வேறு வடிவில் விவரம் அனுப்ப வேண்டியிருக்கிறது என்ற நிலை வரும்போதுதான் அவை கொடுத்த காசுக்குப் பயன் தரும். அட்டவணை சுத்தமாக இல்லாதவர் மென்பொருள் வாங்கினால், அதே குப்பையை மாதக் கட்டணம் கட்டி வைத்திருப்பார், அவ்வளவுதான்.

உங்கள் இணையதளம் வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் கொண்டு அமைந்ததாக இருந்தால், அதற்குள் சிஎஸ்வி கோப்பை ஏற்றும் வசதி உண்டு. அங்கே ‘எஸ்கேயு’ என்ற இடத்தில் உங்கள் பொருள் எண்ணை இட்டு, இருக்கும் பொருள்களைப் புதுப்பிக்கும்படி தேர்வு செய்தால், அந்த எண்ணைக் கொண்டே அது பழைய பதிவைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். இதற்குப் பிறகு இணையதளத்துக்குள் நுழைந்து நேரடியாக எதையும் திருத்தக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அங்கே செய்த திருத்தம் அடுத்த முறை கோப்பு ஏற்றும்போது அழிந்துவிடும். பிறகு ‘நான் மாற்றினேனே, யார் அழித்தது?’ என்ற பேச்சு வரும்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். கைபேசியிலிருந்து கணினிக்குக் கம்பி வழியாகவோ, ‘டாக்குமென்ட்’ வகையாக அனுப்பியோ எடுங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1200 புள்ளி அகலமுள்ள படம் இணையத்தில் தாராளம். அச்சில் 4 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க இடம் தராது. மூலப்படத்தை அப்படியே ஒரு கோப்புறையில் வைத்து, அதன் பெயரையும் பொருள் எண்ணாகவே வையுங்கள். சிறிதாக்கிய இணையப் படங்கள் வேறு கோப்புறையில் இருக்கட்டும். மூலப்படத்தின் மேலேயே வெட்டித் திருத்தும் பழக்கம் யாருக்காவது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

உத்தமபாளையத்துக் கடைக்காரரின் பிடிஎஃப் பற்றி: அனுப்பிய கோப்பைத் திரும்பப் பெற முடியாது. இனி கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். உங்கள் இணையதளத்தில் விலைப்பட்டியலுக்கு என்றும் மாறாத ஒரு முகவரி இருக்கட்டும். மாதந்தோறும் அதே முகவரியில் புதிய கோப்பை வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதை அச்சிடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் நாளை இட்டால் போதாது. கடைக்காரர்கள் தமக்கு வேண்டிய ஒரு பக்கத்தைத்தான் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

புத்தகத்தில் கியூஆர் குறி போடுவதாக இருந்தால், இலவசமாகக் குறி செய்து தரும் தளங்களின் வழியாகத் திருப்பிவிடும் குறியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சேவை நின்றாலோ கட்டணம் கேட்டாலோ அச்சிட்ட புத்தகம் முழுவதும் ஊமையாகிவிடும். உங்கள் சொந்த இணைய முகவரியையே, இறுதியில் பொருள் எண்ணோடு, குறியாக்குங்கள். அந்த முகவரி எங்கே திறக்க வேண்டும் என்பதைப் பின்னால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். குறியைச் சுற்றி வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள். வடிவமைப்பாளர்கள் அழகு கருதி அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.


சில்லெழுத்து (கட்டப்பனை) எழுதியது:

மலையாளப் பகுதியைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். இரண்டு மொழியிலும் மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறேன்.

மலையாளத்திலும் பழைய எழுத்துருச் சிக்கல் இருக்கிறது. எம்எல்-டிடி என்று தொடங்கும் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் அச்சகங்களில் நிறைய உண்டு. அதைவிடக் கண்ணுக்குப் படாத சிக்கல் ஒன்று யூனிகோடுக்குள்ளேயே இருக்கிறது. உயிர் சேராமல் நிற்கும் மலையாள மெய்யெழுத்து வடிவங்களான சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு 2008இல் வெளியான யூனிகோடு 5.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றைச் சேர்த்துத்தான் அவற்றை எழுதினார்கள். இரண்டும் திரையில் ஒன்று போலவே தோன்றும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பழைய கோப்பிலிருந்து ஒட்டிய பெயர்களும் புதிதாகத் தட்டச்சு செய்த பெயர்களும் ஒரே அட்டவணையில் கலந்தால், இணையதளத்தில் தேடும் வாடிக்கையாளருக்குப் பாதிப் பொருள்கள் இல்லாததாகவே தோன்றும். எல்லாவற்றையும் புதிய குறியீட்டுக்கு ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

தமிழிலும் இதற்கு ஈடானவை உண்டு. ‘பொடி’ என்பதன் முதல் எழுத்தில் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டாலும், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாக இட்டாலும் தோற்றம் ஒன்றே. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ என்ற ஒழுங்குமுறையில் இதை இட்டால் சரியாகிவிடும். ஔகார நெடிலுக்குக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து அடிக்கும் பழக்கம் அப்படித் தானாகச் சரியாகாது. அதைத் தேடித்தான் திருத்த வேண்டும். ரூபாய்ச் சின்னமும் 2010இல்தான் யூனிகோடுக்குள் வந்தது. அதற்கு முந்திய எழுத்துருவைப் புத்தகத்தில் பயன்படுத்தினால் ₹ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் அச்சாகும்.

மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு நேரே அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ‘பார்த்தாயிற்று’ நிரல் வைத்து, படித்தவர் தம் பெயரின் முதலெழுத்தை இட்ட பிறகே அந்த வரி வெளியே போக வேண்டும். தமிழ் வரியில் திருத்தம் வந்தால் மற்ற இரண்டு மொழிக்கான குறிப்பும் அழிக்கப்பட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.


மையும்தாளும் (போடிநாயக்கனூர்) எழுதியது:

அச்சுப் பக்கத்திலிருந்து சுருக்கமாகச் சில. ஏலக்காயின் பச்சை கைபேசித் திரையில் பளிச்சென்று இருக்கும். நால்வண்ண அச்சில் அந்தப் பச்சை எட்டாது, சற்று மங்கித்தான் வரும். தரத்தைப் பச்சை நிறத்தைக் கொண்டு எடைபோடுகிறவர்களிடம் இது வீண் பேச்சுக்கு வழிவைக்கும். படங்களைத் திரைக்குரிய ஆர்ஜிபி வண்ண நிலையிலேயே வைத்திருந்து, பிடிஎஃப் எடுக்கும்போது மட்டும் அச்சகத்தார் சொல்லும் வண்ண அமைப்புக்கு மாற்றுங்கள். முதலிலேயே மாற்றிவிட்டால் இணையதளத்திலும் அதே மங்கல் நிறம்தான் வரும். ஏலக்காய்ப் பக்கத்தை மட்டுமாவது, அச்சிடப்போகும் அதே தாளில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பார்கோடு கறுப்பில் இருக்கட்டும். கடைகளிலுள்ள கருவிகளில் பல சிவப்பு ஒளியில் படிப்பவை என்பதால் சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடுகள் அவற்றின் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். 13 இலக்கப் பார்கோட்டின் இயல்பான அகலம் 37.29 மி.மீ.; 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக வர வேண்டும் என்பதால், பொருள்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதையொட்டி முன்கூட்டியே முடிவாகட்டும். வெட்டுப்படுவதற்கென ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் வண்ணம் விடுங்கள். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வேண்டுமா, பிடிஎஃப்/எக்ஸ்-4 வேண்டுமா என்பதை அச்சகத்தாரிடமே கேளுங்கள். ஊருக்கு ஊர், இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறும்.


தேக்கடிச்சாலை (குமுளி) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அட்டவணையின் நிரல்களை அமைக்கத் தொடங்கிவிட்டேன். எச்எஸ்என் நிரலில் நீங்கள் சொன்னபடியே சுழிகளைக் காணவில்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. விலை முடிவு செய்பவர் மாமனார். அவர் கணினியைத் தொடமாட்டார், தாளில் எழுதித்தான் தருவார். இணையதளத்தையும் வாட்ஸ்ஆப்பையும் கொழுந்தனார் பார்க்கிறார். நான் எழுத்தைப் பார்க்கிறேன். மூவரும் ஒரே அட்டவணையைத் தொட்டால் மறுபடியும் குழப்பம்தானே வரும்? அடுத்து, பாக்கெட் லேபிளையும் இதே அட்டவணையிலிருந்து எடுக்கலாமா, அல்லது அதைத் தனியே வைக்க வேண்டுமா?


பக்கவடிவம் (கம்பம்) எழுதியது:

அட்டவணையை மூவரும் பார்க்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் சொந்தக்காரர் ஒருவராக இருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் குறிப்பிட்ட நிரல்களை ஒருவர் மட்டுமே திருத்தும்படி பூட்டி வைக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் அதில் தானே பதிவாகும். விளக்க நிரல்கள் உங்களிடமும், இருப்பு நிரல் கொழுந்தனாரிடமும் இருக்கட்டும். விலைத்தாளை நீங்கள் பதியுங்கள். பெரியவர் எழுதித் தரும் தாளைத் தூக்கி எறியாமல் நாள் போட்டுக் கோப்பில் குத்தி வையுங்கள். அவரைக் கணினிக்குப் பழக்க முயல்வதைவிட அவர் கையெழுத்தையே ஒப்புதலாகக் கொள்வது எல்லோருக்கும் நிம்மதி. பழைய விலையின் மேல் புதிய விலையை எழுதாதீர்கள். புதிய விலைக்குப் புதிய வரி, அதில் ‘எந்த நாள் முதல்’ என்ற நிரல். அப்போதுதான் யாராவது பழைய பட்டியலைக் காட்டி வாதிட்டால், அந்த விலை எந்த நாளோடு முடிந்தது என்பதை உடனே எடுத்துக் காட்ட முடியும்.

புத்தகத்திற்கு ஒரு பூட்டு நாள் குறியுங்கள். அந்த நாளில் அட்டவணையை முழுவதுமாக நகலெடுத்து, பெயரில் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கம் போடுவதை அந்த நகலிலிருந்து மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் வரும் திருத்தங்கள் மூல அட்டவணையில் ஏறட்டும். புத்தகத்திற்கு மிக அவசியமானவை மட்டும் போகட்டும். மெய்ப்பில் பிழை கண்டு பக்கத்தில் திருத்தினால், அதே திருத்தத்தை அட்டவணையிலும் அப்போதே செய்துவிட வேண்டும். மெய்ப்பு நேரத்து அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். அச்சகத்துக்குக் கடைசிப் பணம் கட்டும்போது, திறந்து திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் இணைப்புப் படங்களையும் எழுத்துருக்களையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ செய்து தரும்படி கேட்டு வாங்குங்கள். வேலையை ஒப்படைக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது; பிறகு கேட்டால் மனத்தாங்கல் வரும்.

லேபிளுக்கான விவரத்தை இதே அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் அதன் நிரல்களைத் தனியாகப் பிரித்து, கூடுதல் காவலோடு வையுங்கள். புத்தகத்தில் பிழை இருந்தால் வருத்தம் தெரிவிக்கலாம். லேபிளில் இருந்தால் அபராதம் கட்ட வேண்டும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவர் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, அலகு விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை அதில் வேண்டும். அவை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழும் மலையாளமும் கூடுதலாகச் சேர்க்கலாமே தவிர அவற்றுக்கு ஈடாகா. மாதமும் விலையும் பொட்டலமிடும் அன்று முத்திரை குத்துபவை, அவற்றை அட்டவணையில் தேட வேண்டாம். விளக்கத்தில் ‘முதல் தரம்’, ‘மருத்துவ குணம் நிறைந்தது’ என்றெல்லாம் புத்தகத்துக்கு எழுதும் வரிகள் தவறியும் லேபிள் நிரலுக்குள் நகர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உணவுப் பொருளில் மருத்துவப் பயனைச் சொல்வது வேறு வகையான வம்பு.

எல்லாப் பொருளையும் ஒரேயடியாக ஏற்ற முயல வேண்டாம். ஆடி மாதத்தில் கடை சற்று ஓய்ந்திருக்கும்போது ஏலக்காய் வரிகளை மட்டும் மூன்று மொழியிலும் முடித்து, இரண்டு பக்கம் வடிவமைத்து, அதே வரிகளை இணையதளத்திலும் ஏற்றிப் பாருங்கள். நிரல்களில் எது குறைகிறது, எது வீண் என்பது அதில் தெரிந்துவிடும். மிளகுக்குப் போகும் முன் நிரல்களைத் திருத்திக்கொள்ளுங்கள். புரட்டாசிக்குள் பூட்டு நாள் வைத்துவிட்டால் சிவகாசியில் தீபாவளி, நாட்காட்டி நெரிசலுக்கு இடையிலும் கார்த்திகைக்குள் புத்தகத்தை வாங்கிவிடலாம். அச்சகத்தாரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.